ஒற்றைக் காசில் முடிப்பது வீம்பா?

வள்ளியூரைச் சேர்ந்த, இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிற ஒருவர் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூட நாளில் வீடியோ கேம் கடையில் காசு போட்டு ஆடிய 'முஸ்தபா' விளையாட்டை, பழைய மிஷின் விளையாட்டுகளைக் கணினியில் ஓடவைக்கிற எமுலேட்டர் என்ற மென்பொருள் வழியாக ஒரே இரவில் முடித்துவிட்டாராம். காசுக்கான பொத்தானை 43 முறை தட்ட வேண்டியிருந்தது என்கிறார். முடித்தபோது ஒன்றுமே தோன்றவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நண்பரிடம் சொன்னால், "ஒரே காசில் முடித்தால்தான் கணக்கு" என்று அவர் சிரித்திருக்கிறார். "காசே இல்லாத இடத்தில் ஒரு காசு என்ன, நூறு காசு என்ன? இது வெறும் வீம்பா? 38 வயதில் என் கைக்கு இது வருமா?" என்பது கேள்வி.

வீம்பா இல்லையா என்பது மேலுக்குக் கேட்டது. முடித்த பிறகும் ஏன் வெறுமையாக இருந்தது என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். நான் மனநூல் படித்தவன் இல்லை. பேட்டை ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, 1995 தொடங்கி ஒன்பது ஆண்டுகள் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு வீடியோ கேம் கடையில் மெக்கானிக்காக இருந்தவன். மிஷின் ஆறு. விளையாட்டு அடங்கிய சர்க்யூட் போர்டின் பழுது, பிக்சர் டியூப் மாற்றுவது, ஜாய்ஸ்டிக்கின் அடியில் தேய்ந்துபோன மைக்ரோ சுவிட்சுகளை மாற்றுவது எல்லாம் என் வேலை. பழுது பார்த்த பிறகு 'சோதித்துப் பார்க்கிறேன்' என்ற பெயரில் நான் ஆடிய ஆட்டத்துக்குக் கணக்கே கிடையாது. இப்போது இன்வெர்ட்டர் பழுதுபார்த்துப் பிழைக்கிறேன். இரவில் ஒரு மணி நேரம் ஆடுகிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் 43 காசு போட்டு ஆடியதும், ஒரு காசில் ஒருவன் ஆடுவதும் ஒரே விளையாட்டு இல்லை. நாம் முஸ்தபா என்று கூப்பிடுவது கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். மொத்தம் எட்டுக் கட்டம். தேர்ந்தெடுக்க நான்கு பேர் உண்டு. மஞ்சள் தொப்பிக்காரன் ஓடி வந்து உதைக்கிற உதைக்காக அவன் பெயரே விளையாட்டுக்குப் பெயராகிவிட்டது. இதில் உயிரெல்லாம் தீர்ந்து அடுத்த காசு போட்டால் விழுந்த அதே இடத்தில், முழு பலத்தோடு எழுந்திருப்பீர்கள். எதிரி வாங்கிய அடி அப்படியே இருக்கும். ஆகவே இரண்டாம் கட்டத்தின் முடிவில் இரட்டைக் கத்தியோடு வருகிறவனை நீங்கள் வெல்லத் தேவையே இல்லை. அவன் முன்னால் போய்ப் போய் விழுந்துகொண்டிருந்தால் போதும், காசு அவனை வென்றுவிடும். அவன் எப்போது பாய்வான், பாய்ந்த பிறகு எத்தனை நொடி சும்மா நிற்பான், எந்தப் பக்கத்திலிருந்து போனால் கத்தி எட்டாது என்பதை எல்லாம் செய்தவர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. படம் முழுக்க ஓடியது, நீங்கள் தியேட்டரில் தூங்கினீர்கள் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லா விளையாட்டும் இப்படிக் காசுக்கு வளையாது. ஐரெம் நிறுவனத்தின் ஆர்-டைப், விண்கலம் ஓட்டிச் சுடுகிற விளையாட்டு, 1987-இல் வந்தது. அதில் விழுந்தால் கொஞ்ச தூரம் பின்னால் தள்ளிவிடும். சேர்த்து வைத்த ஆயுதமும் போய்விடும். பத்து ரூபாயை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றாலும் அந்த இடத்தைத் தாண்டத் தெரியாதவன் தாண்ட மாட்டான். எங்கள் கடையில் அந்தப் போர்டு ஒன்றரை மாதம்தான் நின்றது. பையன்கள் "கஞ்ச மிஷின்" என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட்டார்கள். எனக்கென்னவோ ஆறு மிஷினில் அது ஒன்றுதான் நேர்மையானது என்று தோன்றும். வியாபாரத்துக்கு ஆகாத நேர்மை.

ஒரே காசில் முடிக்கிற இந்த மரபு ஜப்பானில் 100 யென் நாணயத்தோடு வளர்ந்தது. அங்கே இதற்கு ஒன் காயின் கிளியர் என்றே பெயர். பல ஜப்பானியச் சுடும் விளையாட்டுகளில் மதிப்பெண்ணின் கடைசி இலக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? எதிரியைச் சுட்டுக் கிடைக்கிற மதிப்பெண் எல்லாம் பத்துப் பத்தாகத்தான் ஏறும். கடைசி இலக்கம் பூஜ்யமாகவே நிற்கும். காசு போட்டுத் தொடர்ந்தால் மட்டும் அது 1 ஆகும், 2 ஆகும். பெயர்ப் பட்டியலில் உங்கள் மதிப்பெண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எத்தனை முறை தொடர்ந்தீர்கள் என்பது வால்போல ஒட்டிக்கொண்டிருக்கும். கேவ் நிறுவனத்தின் டோடோன்பாச்சி, 1997, இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரே காசில், அதற்குமேல் சில கடுமையான நிபந்தனைகளோடு முடிப்பவனுக்கு மட்டும்தான் இரண்டாம் சுற்று திறக்கும். உண்மையான கடைசி எதிரி அங்கேதான் இருக்கிறான். இந்த விளையாட்டுகளிலாவது ஒற்றைக் காசு என்பது ஆடுகிறவர்கள் தாமாகக் கட்டிக்கொண்ட விரதம் இல்லை. செய்தவர்களே வைத்த அளவுகோல். இரண்டாம் சுற்றை நான் பார்த்ததெல்லாம் பிறர் ஆடிய பதிவில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி என் கைப்பட்ட கதை. 1998 வாக்கில் தச்சநல்லூரிலிருந்து ஒரு பையன் வருவான். காக்கி நிக்கர், சட்டைப் பையில் ஒரே ஒரு ரூபாய். முஸ்தபாவில் அந்த ஒரு ரூபாயைப் போட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிஷின் அவனுக்குத்தான். அவன் ஜாய்ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்து நான் பார்த்ததில்லை. குமிழை மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் தொங்கவிட்டாற்போல வைத்திருப்பான். எதிரிக்கு நேர்வரிசையில் போய் நிற்கவே மாட்டான். ஒரு முழம் மேலே அல்லது கீழே நின்று, கடைசி நொடியில் சரிந்து உள்ளே வருவான். கூட்டம் இரண்டு பக்கமும் சூழ விடமாட்டான், நாய் ஆட்டை மடக்குவது போல எல்லாரையும் ஒரே பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். துப்பாக்கி கிடைத்தால் நாங்களெல்லாம் உடனே எடுத்துச் சுட்டுத் தீர்ப்போம். அவன் அதைத் தரையிலேயே விட்டுவிட்டு வெறும் காலால் உதைத்துக்கொண்டிருப்பான், கட்டத்தின் முடிவில் வருகிற பெரிய எதிரி உள்ளே வரும் வரைக்கும். எந்தப் பீப்பாய்க்குள் சாப்பாடு இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். பலம் நிறைய இருக்கும்போது உடைக்க மாட்டான். மூன்றாம் கட்டத்தில் கார் ஓட்டுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சிரிப்பான். கட்டம் மாறும் இடைவெளியில் உள்ளங்கையை நிக்கரில் துடைத்துக்கொள்வான்.

கடைக்கார அண்ணாச்சிக்கு இது வயிற்றெரிச்சல். அவர் நிலையில் யோசித்தால் நியாயம்தான். மற்றவர்கள் அதே மிஷினில் ஒரு மணி நேரத்துக்கு இருபது முப்பது ரூபாய் போடுவார்கள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அதைக் கொஞ்சம் முறுக்கி விடும்" என்றார். பழைய போர்டுகளில் இதற்குச் சின்னச் சின்ன டிப் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். உயிர் எத்தனை, கடினம் எவ்வளவு என்று தள்ளி வைக்கலாம். முஸ்தபா போர்டில் அது கிடையாது. பெட்டியைத் திறந்து சோதனைப் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு பட்டியல் வரும், அதில் மாற்ற வேண்டும். மாற்றினேன். இன்றைக்கும் அந்தப் பொத்தான் என் விரலில் இருக்கிறது.

மறுநாள் பையன் வந்தான். முதல் கட்டம் பாதிகூட முடியவில்லை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: "அண்ணே, மிஷினை மாற்றிவிட்டீர்களா?" நான் வாயைத் திறக்கவில்லை. நான்காம் கட்டத்தில் உயிரெல்லாம் தீர்ந்து விழுந்துவிட்டான். அடுத்த நான்கு நாள், நாளுக்கு ஒரு ரூபாய், வெவ்வேறு இடத்தில் விழுந்தான். சனிக்கிழமை முடித்துவிட்டான். கடைசிக் கட்டத்தின்போது அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்து பின்னால் நின்றார். முடிந்ததும் ஒரு கலர் பாட்டிலை உடைத்து அவன் கையில் கொடுத்து, "இனிமேல் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வாடே" என்றார். அவன் ஆடும்போது பின்னால் கூடிய பையன்கள் பக்கத்து மிஷின்களில் போட்ட காசு அந்த நட்டத்தை ஈடுகட்டியிருக்கும் என்பது என் ஊகம். அண்ணாச்சி அதை ஒப்புக்கொண்டதில்லை.

முதல் கட்டம் முடிவதற்குள் மிஷின் மாறியதை அவன் எப்படிக் கண்டுபிடித்தான்? எதிரி வழக்கமாக எத்தனை அடியில் விழுவான் என்ற எண்ணிக்கை அவன் உடம்பில் இருந்தது. வழக்கத்துக்குக் கூடுதலாக ஒரு அடி தேவைப்பட்டதும் கை சொல்லிவிட்டது. நீங்கள் கேட்கிற திருப்தி இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. வெற்றித் திரையில் இல்லை, இந்தக் கணக்கு கைக்குள் வந்து உட்கார்வதில் இருக்கிறது. 43 காசு போடுகிறவனுக்கு அந்த ஒரு அடி கூடினாலும் தெரியாது, குறைந்தாலும் தெரியாது.

மிஷினுக்குள் அப்படிக் கணக்குகள் உண்மையாகவே இருக்கின்றன. நான் கவிதையாகச் சொல்லவில்லை. 1978-இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸில் மேலே போகிற பறக்கும் தட்டுக்கு எத்தனை மதிப்பெண் என்பது குருட்டு அதிர்ஷ்டம் போலத் தெரியும். உண்மையில் அது நீங்கள் சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 23-ஆவது குண்டில் தட்டை அடித்தால் 300, அதன்பின் ஒவ்வொரு 15-ஆவது குண்டுக்கும் 300. துரத்துகிற பேய்களிடம் சிக்காமல் சந்துகளில் புள்ளிகளைத் தின்றுகொண்டு போகிற நாம்கோவின் பேக்-மேன், 1980, இன்னும் கறார். ஒரே வழியில் ஒரே நேரத்தில் திரும்பினால் பேய்களும் ஒவ்வொரு முறையும் அதே வழியில்தான் வரும். அதனால் பாதையை மனப்பாடம் செய்து ஆடலாம். அதற்கு முடிவே கிடையாது என்றாலும் 256-ஆவது சுற்றில் எண்ணிக்கை, 255 வரைதான் எண்ண முடிகிற ஒரு பைட் நினைவகத்துக்குள் அடங்காமல் திரையின் வலப்பாதி குப்பையாகிவிடும். 1982-இல் வந்த மிஸ் பேக்-மேனில் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் பேய்களின் போக்கில் தற்செயலைக் கலந்துவிட்டார்கள். அங்கே பாதையை மனப்பாடம் செய்வது பலிக்காது; பேயின் குணத்தைத்தான் படிக்க வேண்டும். விசித்திரத்தின் உச்சம் 1996-இல் வந்த பேட்டில் கரேகா என்ற சுடும் விளையாட்டு. அதிகம் சுட்டால், அதிகம் ஆயுதம் சேர்த்தால் விளையாட்டு உங்களைக் கவனித்து மேலும் மேலும் கடுமையாகும். ஓர் உயிரை இழந்தால் இறங்கி வரும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் கணக்குப் பார்த்து வேண்டுமென்றே சாகிறார்கள். ஒரே காசில் முடிக்க முயல்கிறவனைத் தவிர வேறு யாருக்கும் இது கண்ணிலேயே படாது.

வயதுக்கு வருகிறேன். கண்ணால் பார்த்துக் கை அசைவதற்கு நல்ல இளவயதிலும் ஏறக்குறைய கால் நொடி ஆகும். இந்த விளையாட்டுகளின் திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது. அதாவது நீங்கள் ஒன்றைக் கண்டு அசைவதற்குள் பன்னிரண்டு பதினைந்து படங்கள் ஓடிவிடும். கடினமான இடங்களில் பார்த்துவிட்டுத் தப்புவது இருபது வயதுக்காரனுக்கும் பெரும்பாலும் நடக்காது. முன்கூட்டியே அங்கே இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறுகிற பஸ்ஸில் முன்னிருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநரைப் பார்த்திருக்கிறீர்களா? பலருக்குத் தலை நரைத்திருக்கும். வளைவு தெரிவதற்கு முன்பே கை ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கியிருக்கும். 38 வயது அதற்குத் தடையில்லை. ஆனால் திரை முழுக்கக் குண்டு கொட்டுகிற வகையில், மூன்று நான்கு பாதைகளில் ஒன்றைக் கணத்தில் தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்களில், வயது குறுக்கே வருகிறதா என்றால், எனக்கு வருகிறது என்றே சந்தேகப்படுகிறேன். கண்ணாடி போட்ட பிறகு அந்த வகையில் என் ஆட்டம் இறங்கிவிட்டது. பழக்கம் குறைந்ததாலா, கண்ணாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

எல்லா விளையாட்டிலும் இதை முயலாதீர்கள். அடாரியின் காண்ட்லெட், 1985, நீங்கள் சும்மா நின்றாலும் நொடிக்கு நொடி பலத்தைக் குறைத்துக்கொண்டே போகும். காசு போட்டால் பலம் ஏறும். அது வட்டிக்கடை. அதில் ஒற்றைக் காசு என்ற பேச்சுக்கே பெரிய பொருளில்லை. அதே ஆண்டில் வந்த கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் விளையாட்டை முழுதாக ஒருமுறை முடித்தால், 'இதெல்லாம் மாயை' என்று சொல்லி முதலிலிருந்து மறுபடி ஆடச் சொல்லும். அதை ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், என் நண்பர்களிலேயே ஒருவர். எனக்குப் பொறுமையில்லை.

உங்களுக்கு முஸ்தபாவே நல்ல தொடக்கம். அது சலித்தால் மெட்டல் ஸ்லக், 1996. ஆறே கட்டம். எதிரி மேலே இடித்தாலும் சாவதில்லை, குண்டோ கத்தியோ பட்டால்தான் சாவு. ஆகவே எதனால் செத்தோம் என்பது ஒவ்வொரு முறையும் தெளிவாகத் தெரியும். அதுதான் முக்கியம். மீட்ட கைதிகளின் எண்ணிக்கை நீங்கள் செத்தால் பூஜ்யமாகிவிடும் என்பதால் ஒரு கட்டத்துக்குள்ளேயே ஒரு சின்ன ஒற்றைக் காசு விளையாட்டு ஒளிந்திருக்கிறது. கடினத்தை மிஷின் வந்த அளவிலேயே வையுங்கள், ஏற்றவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒரு நோட்டில் விழுந்த இடத்தை மட்டும் எழுதுங்கள்: எந்தக் கட்டம், எவன், கையில் என்ன இருந்தது. பத்து நாளில் ஒரே பெயர் ஐந்து முறை வந்திருக்கும். அந்த இடத்துக்கு முன்னால் எமுலேட்டரில் நிலையைச் சேமித்து வைத்து இருபது முறை அதை மட்டும் பழகுங்கள். பழக்கத்துக்குச் சேமிப்பு தப்பில்லை. எங்களுக்கு அது கிடைத்திருந்தால் விட்டிருக்கவே மாட்டோம். முழு ஆட்டம் ஆடும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள். வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்பது சரிதான். ஆனால் முஸ்தபாவின் ஏழாம் கட்டத்தில் ஓர் உயிரோடு நிற்கும்போது நெஞ்சு அடிக்கிற அடி, பின்னால் சேமிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அடிக்காது. ஏன் அடிக்காது என்று விளக்க எனக்குப் படிப்பில்லை, எனக்கு அடிப்பதில்லை என்பது மட்டும் தெரியும்.

லேப்டாப்பை மின்னிணைப்பிலேயே வைத்து ஆடுங்கள். தச்சநல்லூர்ப் பையன் ஒருமுறை கடைசிக் கட்டத்தில் இருந்தபோது ஜங்ஷன் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. அண்ணாச்சி ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். பையன் அதை வாங்காமல் இருட்டில் கொஞ்ச நேரம் மிஷின் முன்னாலேயே நின்றான். கை ஜாய்ஸ்டிக்கில்தான் இருந்தது. பிறகு "நாளைக்குப் போட்டுக்கொள்கிறேன் அண்ணாச்சி, உங்களிடமே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

நான் இப்போது ஆர்-டைப்பில்தான் இருக்கிறேன். ஒன்றரை மாதத்தில் கடையை விட்டுப் போன அதே விளையாட்டு. ஆறாம் கட்டத்தில், தண்டவாளத்தில் போவது போலப் பெட்டிகள் குறுக்கும் நெடுக்கும் வருகிற இடத்தில், என் நோட்டில் இதுவரை 31 வரி இருக்கிறது.